கைக்கு வந்த பழைய வண்ணக் கண்ணாடிப் பூச்சாடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூத்தவர்கள் காலத்துக்குப் பின் அலமாரியைக் காலி செய்யும்போது கிடைக்கும் வண்ணக் கண்ணாடிப் பூச்சாடிகளைப் படம் எடுத்து அனுப்பி, எந்த நாட்டுப் பொருள், எவ்வளவு பழையது என்று கேட்பவர்கள் பலர். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளிதானவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக வைத்திருக்கிறேன். பூச்சாடியின் நிறமும் அடியில் உள்ள பெயரும்தான் முதலில் கண்ணைக் கவரும். ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் தடயங்களே அவ்விரண்டையும்விட நம்பத் தகுந்தவை என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த அடிப்படையில் எழுதப்பட்டவை.

கலர் கண்ணாடிப் பூச்சாடி ஒன்று என் பங்குக்கு வந்திருக்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். காகித லேபிளோ, லேபிள் உரிந்துபோன இடத்தில் பசைத் தடமோ இருந்தால் அதை நனைக்கக் கூடாது. பல தொழிற்கூடங்கள் தங்கள் பெயரைக் காகிதத்தில் மட்டுமே ஒட்டி அனுப்பின என்பதால், பாதி கிழிந்த லேபிளின் வடிவமும் நிறமும்கூடச் சான்றாகும். அதன் பின் வெதுவெதுப்பான நீரில், மென்மையான துணி கொண்டு, கையாலேயே கழுவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பழைய கண்ணாடியைப் போடவே கூடாது. பொன்பூச்சும் வண்ண எழுத்தும் அழிந்துவிடும், பளபளப்பும் நிரந்தரமாக மங்கிவிடும்.

பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு துண்டை மடித்து விரித்து, அதன்மேல் பூச்சாடியைக் கவிழ்த்து வையுங்கள். முதலில் அடிப்பாகம், அடுத்து விளிம்பு, பிறகு உட்சுவர், கடைசியாக நிறம் என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், புறஊதா டார்ச், அளவு நாடா, தராசு ஆகியவை இருந்தால் போதும்.

கையால் ஊதிச் செய்ததா, அச்சில் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விரலை உள்ளே விட்டு உட்சுவரைத் தடவிப் பாருங்கள். வெளியே மேடும் பள்ளமுமாகப் பூவேலை இருக்க, உட்புறம் வழுவழுவென்று இருந்தால், உருகிய கண்ணாடியை அச்சில் இட்டு உள்ளிருந்து உலோக உருளையால் அழுத்திச் செய்த பொருள் அது. வெளியே மேடு உள்ள இடத்தில் உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால், அச்சுக்குள் வைத்து ஊதியது. இயந்திரத்தால் அழுத்திச் செய்யும் முறை 1820-களில் அமெரிக்காவில் தொடங்கிப் பரவியது என்பதால், அவ்வகைப் பூச்சாடி அதற்கு முந்தைய காலத்தது ஆக முடியாது.

அச்சின் துண்டுகள் கூடும் இடத்தில் செங்குத்தான மெல்லிய கோடு விழும். அந்தக் கோடு விளிம்புவரை போகிறதா, இடையிலேயே மறைகிறதா என்று பாருங்கள். இடையில் மறைந்தால், அச்சிலிருந்து எடுத்த பின் மீண்டும் சூடாக்கி வாயைக் கையால் மடித்தோ இழுத்தோ முடித்திருக்கிறார்கள் என்று பொருள். கோடே இல்லாவிட்டாலும் அச்சில்லாமல் ஊதியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஈரமான மர அச்சுக்குள் பொருளைச் சுழற்றிக்கொண்டே ஊதினால் செங்குத்துக் கோடு அழிந்துபோய், கிடைமட்டமான மெல்லிய வரிகள் மட்டும் எஞ்சும். அச்சே இல்லாமல் ஊதிய பொருளில் சுவரின் கனம் இடத்துக்கு இடம் மாறும். பூச்சாடியை மேசைமேல் மெதுவாகச் சுழற்றினால் அதன் நிழலுருவம் லேசாகத் தள்ளாடும்.

அடியில் நடுவே உடைந்த மாதிரி கரடுமுரடாக இருக்கிறதே, இது பழுதா?

பழுது அல்ல, பெரும்பாலும் நல்ல அறிகுறி. ஊதிய பொருளின் வாயைச் சீராக்க வேண்டுமானால் அதை ஊதுகுழலிலிருந்து பிரித்தாக வேண்டும். அதற்கு முன் போன்டில் எனப்படும் இரும்புக் கம்பியை ஒரு சொட்டு உருகிய கண்ணாடியால் அடியில் ஒட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்து கம்பியைத் தட்டி எடுக்கும்போது மிஞ்சும் தழும்பைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். கவனமான தொழிற்கூடங்கள் அந்தத் தழும்பைச் சாணை பிடித்து மெருகேற்றிவிடும். அப்போது அடியின் நடுவில் கட்டைவிரல் பொருந்தும் அளவுக்கு வட்டமான, ஆழமற்ற, பளிங்குபோல் வழுவழுப்பான குழி இருக்கும்.

தழும்பே இல்லாவிட்டாலும் இயந்திரத் தயாரிப்பு என்று சொல்லிவிட முடியாது. அடியைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கி வகைக் கருவியைப் பயன்படுத்தினால் தழும்பு விழாது. மத்திய ஐரோப்பாவில் பரவலாக இருந்த வேறொரு முறையில், பூச்சாடி ஆறிய பின் அதன் மேற்பகுதியை வெட்டி நீக்கி, விளிம்பைச் சாணை பிடித்து முடிப்பார்கள். அம்முறைக்குப் போன்டிலே தேவையில்லை. அதனால்தான் அடியையும் விளிம்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். தீயில் காட்டி உருட்டிய விளிம்பு என்றால் அடியில் ஏதோ ஒன்று பூச்சாடியைப் பிடித்திருக்க வேண்டும். தட்டையாக வெட்டி மெருகேற்றிய விளிம்பு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை.

உள்ளே குமிழிகள் இருந்தால் பழையதுதானே?

இல்லை. வேண்டுமென்றே வரிசையாகக் குமிழிகளை அடைத்துச் செய்வது ஓர் அலங்கார முறை. இத்தாலியர்கள் அதைப் புல்லிகாந்தே என்பார்கள். மலிவான புதிய கண்ணாடியிலும் குமிழிகள் தாராளமாக இருக்கும். குமிழியை வைத்து வயதைச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நிறத்தை வைத்தே எந்த நாடு, எந்தக் காலம் என்று சொல்ல முடியாதா?

நாட்டைச் சொல்ல முடியாது. கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம், குரோமியமோ இரும்போ சேர்த்தால் பச்சை, மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா, செம்பு சேர்த்தால் சூளையின் நிலையைப் பொறுத்து நீலப்பச்சை அல்லது சிவப்பு என்பன எல்லா நாட்டுக் கண்ணாடிக்காரர்களுக்கும் தெரிந்த வேதியியல். ஒரே நீலத்தைப் பத்து நாடுகளில் செய்திருப்பார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை நிறம் ஓரளவு உதவும். எப்போது செய்தது என்பதை அது சொல்லாது. எதற்கு முன் செய்திருக்க முடியாது என்பதைச் சொல்லும். செலினியமும் காட்மியமும் சேர்ந்து தரும் பளீர் ஆரஞ்சும் பளீர் சிவப்பும் பூச்சாடிகளில் பெருகியது 20-ஆம் நூற்றாண்டில். தங்கம் கரைத்துச் செய்யும் ரூபிச் சிவப்பு 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அது சற்று நீலம் கலந்த இளஞ்சிவப்பாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குருதிநெல்லிப் பழச்சாற்றின் சாயலில் தெரியும். செலினியச் சிவப்பு அப்படியில்லாமல் மஞ்சள் பக்கம் சாயும். கீழே மஞ்சள் பழுப்பாகத் தொடங்கி மேலே சிவப்பாக மாறும் ஆம்பெரினா என்ற வகை 1883-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. தங்கம் கலந்த ஒரே கண்ணாடியின் ஒரு பகுதியை மட்டும் மீண்டும் சூடாக்கினால் அந்தப் பகுதி சிவக்கும் என்பதே அதன் இரகசியம். பின்னாட்களில் பலரும் அதைச் செய்திருப்பதால், நிறம் மாறும் விதம் மட்டுமே 1883-க்குச் சான்று ஆகாது.

நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறதா, மேலே பூசியதா என்று எப்படிப் பார்ப்பது?

விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, அதன் குறுக்குவெட்டை லென்ஸால் பாருங்கள். கண்ணாடி முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் கலவையிலேயே சேர்த்த நிறம். நிறமற்ற அடுக்கும் நிற அடுக்கும் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் அது அடுக்குக் கண்ணாடி. ஒவ்வோர் அடுக்கும் ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கலாம். நிறம் காகிதக் கனத்தில் மேற்பரப்பை ஒட்டி மட்டும் இருந்தால், ஒரு கணம் நிறக் கண்ணாடியில் தோய்த்து எடுத்த மெல்லிய போர்வை அல்லது வெறும் சாயம்.

வெட்டுவேலை உள்ள பூச்சாடியில் இந்தச் சோதனை இன்னும் எளிது. வெட்டிய பள்ளத்தின் ஓரத்தைப் பாருங்கள். அடுக்குக் கண்ணாடியில் அந்த ஓரத்தில் நிறம் ஒரு படிக்கட்டுபோல் இறங்கும். சாயம் ஏற்றியதில் கனமே இல்லாமல் சட்டென்று முடியும். இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் ஃப்ரீட்ரிக் எகர்மான் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செம்மைப்படுத்திய மஞ்சள், சிவப்புச் சாயங்கள் சூளையில் சுட்டு ஏற்றியவை. நகத்தால் உரிக்க முடியாது, ஆனால் அடிக்கடி கைபட்ட இடங்களில் தேய்ந்து வெளிறியிருக்கும். சுடாமல் பூசிய பெயின்ட் என்றால் நகம் பட்டாலே செதில் செதிலாகப் பெயரும். அதைத் துணியால் அழுத்தித் துடைக்கவும் கூடாது.

பகலில் இளம் ஊதாவாகவும் டியூப் லைட்டில் நீலமாகவும் தெரிகிறது. என் கண்ணில்தான் கோளாறா?

கண்ணில் கோளாறு இல்லை. நியோடிமியம் சேர்த்த கண்ணாடி சூரிய ஒளியிலும் பழைய குண்டு பல்பின் ஒளியிலும் இளம் ஊதாவாகவும், டியூப் லைட்டின் ஒளியில் சாம்பல் நீலமாகவும் தெரியும். செக் நாட்டுக் கார்லோவி வாரியில் உள்ள மோசர் நிறுவனம் 1920-களின் பிற்பகுதியில் இதை அலெக்சாண்ட்ரிட் என்ற பெயரில் வெளியிட்டது. விரைவிலேயே மற்றவர்களும் செய்யத் தொடங்கினர். ஆகவே இந்த நிற மாற்றம் உங்கள் பூச்சாடிக்கு ஒரு முன் எல்லையைத் தருகிறது. செய்தவரின் பெயரைத் தரவில்லை.

புறஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிர்கிறது. யுரேனியம் என்று பயமுறுத்துகிறார்களே?

எப்படி ஒளிர்கிறது என்பதே முக்கியம். இருட்டறையில் பூச்சாடி முழுவதும் எலுமிச்சைப் பச்சையாகப் பிரகாசித்தால் யுரேனியம்தான். மங்கலாக, நிறமற்ற கண்ணாடிக்குள் பச்சை மூட்டம்போல் தெரிந்தால் பெரும்பாலும் மாங்கனீஸ். ஆரஞ்சு அல்லது பொன்மஞ்சளாக ஒளிர்ந்தால் காட்மியமாக இருக்கலாம். 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமும் சேர்ந்து வருவதால் மங்கலான ஒளிர்வு மறைந்துவிடும்; 365 நானோமீட்டர் டார்ச் தெளிவாகக் காட்டும்.

பொஹீமியாவில் ரீடல் குடும்பத்தினர் 1830-களில் யுரேனியத்தைக் கண்ணாடியில் பெருமளவு பயன்படுத்தி, தங்கள் குடும்பத்து அன்னாவின் பெயரால் அன்னாகெல்ப் என்ற மஞ்சளையும் அன்னாகிரூன் என்ற பச்சையையும் விற்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யுரேனியம் அரசுகளின் கட்டுப்பாட்டுக்குள் போனதால் உற்பத்தி நின்றது. பின்னர் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கி, இன்றும் சிலர் செய்கிறார்கள். எனவே ஒளிர்வு மட்டும் பழமைக்குச் சான்று அல்ல.

ஆபத்தைப் பற்றி: பொதுவாக எடையில் ஓரிரு விழுக்காடு அளவிலேயே யுரேனியம் இருக்கும், அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. அதில் உணவையோ பானத்தையோ வைக்க வேண்டாம், சாணை பிடிக்கவோ துளையிடவோ வேண்டாம். காட்மியமும் ஈயமும் உள்ள கண்ணாடிக்கும் இதே விதிதான்.

தட்டினால் மணிபோல் ஒலிக்கிறது. ஈயப் படிகம் என்று சொல்லலாமா?

ஈயப் படிகம் என்பது ஈயம் சேர்த்துச் செய்த கண்ணாடி. ஆனால் ஒலி என்பது வடிவத்தையும் சுவர்க் கனத்தையும் பொறுத்தது. குட்டையான, கனத்த ஈயப் படிகம் மந்தமாகவும் ஒலிக்கும். அடர்த்தியை அளப்பதே உறுதியான வழி. பூச்சாடியை உலர்ந்த நிலையில் எடை பாருங்கள். பிறகு மெல்லிய கயிற்றில் பாதுகாப்பாகக் கட்டித் தொங்கு தராசில் மாட்டி, உள்ளே காற்று நிற்காதபடி நீரில் முழுவதும் மூழ்கடித்து மீண்டும் எடை பாருங்கள். உலர்ந்த எடையை இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சாதாரணச் சோடாக் கண்ணாடி 2.5 அருகில் வரும். ஈயப் படிகம் 3-ஐ ஒட்டியோ தாண்டியோ வரும். விரிசல் உள்ள பொருளுக்கும், லேபிளோ பெயின்டோ உள்ள பொருளுக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

"இது முரானோ" என்று வீட்டில் எல்லோரும் சொல்லியே வளர்ந்தோம். அது உண்மையா?

வண்ணக் கண்ணாடி என்றாலே முரானோ என்று சொல்லும் பழக்கம் உலகம் முழுவதும் உண்டு. வெனிஸ் நகரம் 1291-இல் தன் கண்ணாடிச் சூளைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. அன்றிலிருந்து அந்தப் பெயரே ஒரு தரச் சான்றாகிவிட்டது. ஆனால் ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறத்தை அமிழ்த்திக் கனமாகச் செய்யும் சொம்மெர்சோ முறையை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செக் தொழிற்கூடங்களும் ஸ்காண்டிநேவியரும் செய்தார்கள். இப்போது சீனாவிலும் செய்கிறார்கள். முறையை வைத்து ஊரைச் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியவை சில உண்டு. முரானோவின் நல்ல சொம்மெர்சோவில் நிற எல்லைகள் கத்தியால் கீறியதுபோல் தெளிவாக நிற்கும். அடிப்பாகம் தட்டையாகச் சாணை பிடித்து மெருகேற்றப்பட்டிருக்கும். மலிவான போலிகளில் நிறம் கலங்கியும், அடி அரைகுறையாக மழுங்கியும், எடை தேவைக்கு அதிகமாகவும் இருக்கும். லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். போலி லேபிள் அச்சடிப்பது எளிது. வெனேத்தோ மாநில அரசு 1994-இல் ஏற்படுத்திய முரானோ கலைக் கண்ணாடி வணிகச் சின்னம் லேபிளில் இருந்தால், அது அந்த ஆண்டுக்குப் பிந்தையது என்பதாவது உறுதி.

வாய் விரிந்து நான்கு மூலைகளும் தொங்கும் கைக்குட்டை வடிவப் பூச்சாடியை எடுத்துக்கொள்வோம். முரானோவின் வெனீனி நிறுவனத்துக்காக ஃபுல்வியோ பியாங்கோனி 1940-களின் இறுதியில் உருவாக்கிய வடிவம் அது. ஊதிச் செய்தது என்பதால் சுவரின் கனம் மாறிக்கொண்டே போகும். இங்கிலாந்தின் சான்ஸ் பிரதர்ஸ் இதே சாயலில் வெளியிட்டவை தட்டையான கண்ணாடித் தகட்டைச் சூடாக்கித் தொய்ய விட்டுச் செய்தவை. கனம் எங்கும் ஒன்றே, கோடுகளும் புள்ளிகளும் அச்சிட்டவை, அடியில் ஊதிய வேலையின் எந்த அடையாளமும் இராது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்த்தவர் மீண்டும் குழம்ப மாட்டார்.

அடியில் பெயரோ எண்ணோ எதுவுமே இல்லை. அப்படியானால் மதிப்பில்லாததா?

பெயரில்லாமல் வெளிவந்த நல்ல கண்ணாடிதான் அதிகம். மினுமினுப்புக் கண்ணாடிக்குப் புகழ்பெற்ற லோட்ஸ் நிறுவனம் ஏற்றுமதிக்கான சிலவற்றில் மட்டுமே பெயர் பொறித்தது. லண்டன் வைட்ஃப்ரையர்ஸ் தொழிற்கூடத்துக்காக ஜெஃப்ரி பாக்ஸ்டர் வடிவமைத்து 1967-இல் வெளிவந்த மரப்பட்டைச் சொரசொரப்புள்ள பூச்சாடிகள் காகித லேபிளோடுதான் விற்றன. லேபிள் போனால் வடிவமும் நிறமும் அளவும்தான் ஆதாரம். அந்தத் தொழிற்கூடம் 1980-இல் மூடப்பட்டது. அதன் பழைய விற்பனைப் பட்டியல்கள் இருப்பதால் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட்டு அடையாளம் காண முடிகிறது. பிரபலமான வடிவங்களுக்குப் போலிகளும் உண்டு. அவற்றில் சொரசொரப்பின் கூர்மை மழுங்கியும், அடிப்பாக முடிப்பு அலட்சியமாகவும் இருக்கும்.

நாட்டின் பெயர் மட்டும் பொறித்திருக்கிறது. அதிலிருந்து ஆண்டு தெரியுமா?

ஓர் இடைவெளி தெரியும். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் வேண்டும் என்று 1891 முதல் கட்டாயமாக்கியது. அதன் பிறகே நாட்டுப் பெயர்கள் பரவலாயின. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918-க்கும் 1992-க்கும் இடைப்பட்டது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்றால் போருக்குப் பின் 1952 வரை.

பிரிட்டிஷ் அழுத்துக் கண்ணாடியில் சாய்சதுர வடிவப் பதிவு முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. முத்திரையின் உச்சியில் ரோமானிய எண் மூன்று இருப்பது கண்ணாடி வகையைக் குறிக்கும். 1884 முதல் வெறும் பதிவு எண் வந்தது. இவை வடிவமைப்பு பதிவான நாளையே சொல்கின்றன. அதே அச்சைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கலாம். மயில் தலை முத்திரை என்றால் இங்கிலாந்தின் சவர்பி நிறுவனம், 1876 முதல்.

எண்ணெய் படிந்த தண்ணீர்போல் வானவில் நிறங்கள் மினுங்குகின்றன. இது என்ன வகை?

இரண்டாம் பதிலில் சொன்னபடி உட்சுவரைத் தடவிப் பாருங்கள். அச்சில் அழுத்திய பூவேலையும் மேலே உலோக மினுமினுப்பும் இருந்தால் கார்னிவல் கண்ணாடி. சூடான கண்ணாடியின்மேல் உலோக உப்புகளைத் தெளித்து இதைச் செய்தார்கள். அமெரிக்காவின் ஃபென்டன் நிறுவனம் 1907-இல் தொடங்கியது, நார்த்வுட், இம்பீரியல் போன்றவை தொடர்ந்தன. அடிப்படை நிறம் எது என்று அறிய, மினுமினுப்பு இல்லாத அடிப்பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊதிய, மெல்லிய, வேலைப்பாடு நிறைந்த மினுமினுப்பு என்றால் லோட்ஸ், அமெரிக்காவின் டிஃபனி ஆகியோரின் காலப் பாணி, அதாவது 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளின் பாணி; அதற்கு அடுத்த பதிலில் உள்ள எச்சரிக்கை பொருந்தும்.

கார்னிவல் வகையில் மறுபதிப்புகள் ஏராளம். இம்பீரியல் 1960-களில் பழைய அச்சுகளிலிருந்தே மீண்டும் வெளியிட்டபோது, 1951 முதல் தான் வைத்திருந்த, ஜி எழுத்தின்மேல் ஐ எழுத்து படிந்த முத்திரையை இட்டது. ஃபென்டன் 1970-இல் தன் புதிய கார்னிவல் பொருள்களில் நீள்வட்டத்துக்குள் பெயரைப் பொறிக்கத் தொடங்கியது. அதே நீள்வட்டத்துக்குள் சிறிய 8 இருந்தால் 1980-கள், 9 இருந்தால் 1990-கள். இப்படி நேர்மையாகத் தேதியிட்ட நிறுவனங்கள் குறைவு.

பெரிய பெயர் ஒன்றின் கையெழுத்து இருக்கிறது. அசல் என்று நம்பலாமா?

கையெழுத்துதான் மிக எளிதாகப் பின்னால் சேர்க்கக் கூடியது. மின்ஊசியால் பெயரைக் கீற ஒரு நிமிடம் போதும். லென்ஸில் பாருங்கள்: பழைய கையெழுத்தின்மேல் பயன்பாட்டுக் கீறல்கள் ஓடியிருக்கும், புதிதாகப் பொறித்ததில் எழுத்தின் கோடு பழைய கீறல்களை வெட்டிக்கொண்டு போகும், கோட்டுக்குள் வெண்மையான தூளும் கூர்மையான சில்லுகளும் தெரியும்.

சில பெயர்களுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் கலே 1904-இல் மறைந்த பின் சில ஆண்டுகள் அவர் தொழிற்கூடம் கையெழுத்துக்கு முன் ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்தது. ருமேனியாவில் அவர் பாணியில் செய்தவற்றில் பாணி என்ற பொருளில் 'டிப்' என்ற சொல்லும் பெயரோடு சேர்ந்து வரும்; விற்பவர்கள் அந்தச் சொல்லை மட்டும் அரைத்து நீக்குவதுண்டு. எனவே கலே பெயருக்குப் பக்கத்தில் கண்ணாடி லேசாகக் குழிந்தோ மங்கியோ இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். லாலிக் பெயருக்கு முன் ஆர் என்ற முதலெழுத்து இருப்பது பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் வாழ்ந்த காலத்தின், அதாவது 1945 வரையிலான, வழக்கம். அந்த எழுத்தை மட்டும் பின்னால் சேர்க்கும் ஏமாற்றும் நடக்கிறது.

அடியில் கீறல் நிறைய இருக்கிறது. பழமைக்கு அது போதாதா?

எங்கே கீறியிருக்கிறது என்று கேளுங்கள். அடி உட்குழிந்திருந்தால் மேசையைத் தொடுவது வெளி வளையம் மட்டுமே. உண்மையான தேய்மானம் அந்த வளையத்தில் ஓரிரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெண்மையாகப் படர்ந்திருக்கும். லென்ஸில் எல்லாத் திசைகளிலும், வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு நீளத்தில் கோடுகள் தெரியும். மணல் துகள் பட்ட ஆழமான கீறல் ஒன்றிரண்டு தனித்து நிற்கும். உப்புத்தாளால் தேய்த்ததில் கோடுகள் ஒரே ஆழத்தில் இணையாக ஓடும். மேசை தொடவே முடியாத குழிக்குள்ளும் கீறல் இறங்கியிருக்கும். மறுபுறம், துணி விரித்த அலமாரியில் அறுபது ஆண்டுகள் அசையாமல் நின்ற அசல் பூச்சாடியில் கீறலே இல்லாமலும் போகலாம்.

உள்ளே வெள்ளைப் படலம் போகவே மாட்டேன் என்கிறது. கண்ணாடி கெட்டுவிட்டதா?

நீரின் உப்புப் படிவாக இருந்தால் வினிகரை நிரப்பி ஓர் இரவு வைத்தால் இளகும். நனைத்தால் மறைந்து, உலர்ந்ததும் திரும்பத் தெரியும் படலம் என்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. அதை மெருகேற்றிச் சரி செய்வது தேர்ந்த கைக்குரிய வேலை. இவ்விரண்டும் இல்லாமல், தொட்டால் வழுக்கும் ஈரமும் நுண்ணிய வலைப்பின்னல் விரிசலும் இருந்தால், கலவையில் காரம் அதிகமாகிப்போன நோயுற்ற கண்ணாடி அது. ஈரப்பதம் ஏறி இறங்காத இடத்தில் வைப்பதைத் தவிர வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

விளிம்பு உடைந்து பிறகு அரைத்துச் சரி செய்திருப்பார்களோ என்று சந்தேகம்.

நியாயமான சந்தேகம். உள் ஓரமும் வெளி ஓரமும் கூர்மையாக, நடுவில் மட்டமாக இருக்கும் விளிம்பைத் தீயில் உருட்டிய விளிம்போடு குழப்பிக்கொள்ள முடியாது. ஆனால் மூன்றாம் பதிலில் சொன்ன மத்திய ஐரோப்பிய முறையில் வெட்டி முடித்த விளிம்பு தொடக்கத்திலிருந்தே மட்டமானது. ஆகவே அலங்காரத்தைப் பாருங்கள். வரைந்த பூவின் இதழ் விளிம்பில் பாதியில் அறுபட்டாலோ, விளிம்பின் பொன்கோடு இல்லாமல் அடியில் மட்டும் பொன்கோடு இருந்தாலோ, உயரம் ஒரு பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் குறைந்தாலோ, பின்னால் அரைத்திருக்கிறார்கள்.

ஜோடியாக இரண்டு இருக்கின்றன, உயரம் சற்று வேறுபடுகிறது. ஒன்று போலியா?

ஊதிச் செய்த ஜோடியில் சில மில்லிமீட்டர் வேறுபாடு இயல்பு. எடையும் நிற அடர்த்தியும்கூடச் சற்று மாறும். அழுத்திச் செய்த ஜோடி உயரத்தில் வேறுபட்டால்தான் முந்தைய பதிலை நினைவுகொள்ள வேண்டும்.

எல்லாம் பார்த்தும் பெயர் கிடைக்கவில்லை. குறிப்பில் என்னவென்று எழுதுவது?

கண்டதை எழுதுங்கள். "ஊதிய இரட்டை அடுக்குக் கண்ணாடி, உள்ளே வெள்ளை, வெளியே செலினியச் சிவப்பாகத் தோன்றும் நிறம், மெருகேற்றிய போன்டில், 248 மி.மீ. உயரம், பொஹீமியப் பாணி" என்ற விவரம், "அபூர்வமான பழைய முரானோ" என்பதைவிடப் பயனுள்ளது. பாணி என்ற சொல்லுக்கும் தயாரிப்பு என்ற சொல்லுக்கும் உள்ள தூரத்தை ஏல நிறுவனங்கள் மிகக் கவனமாகக் கையாளுகின்றன. நாமும் அப்படியே செய்யலாம்.

குடும்பத்தில் சொல்லிவரும் செய்தியையும் தனியாக எழுதி வையுங்கள், யார் சொன்னது என்பதோடு. "தாத்தா காலத்தது" என்பது சான்று ஆகாது; ஆனால் ஆண்டு தெரிந்த ஒரு பழைய புகைப்படத்தின் பின்னணியில் அதே பூச்சாடி தெரிந்தால், அந்த ஆண்டுக்குப் பிந்தையது அல்ல என்பது நிரூபணமாகிவிடும். நிறம் தரும் முன் எல்லையும் புகைப்படம் தரும் பின் எல்லையும் சேர்ந்து, பெயர் இல்லாத பொருளையும் இருபது முப்பது ஆண்டு இடைவெளிக்குள் நிறுத்திவிடுவதுண்டு. வல்லுநருக்கு அனுப்பும்போது, முழு உருவம், நேர் மேலிருந்து எடுத்த அடிப்பாகம், விளிம்பின் குறுக்குவெட்டு, புறஊதா ஒளியில் ஒன்று என நான்கு படங்களும், உயரம், அடியின் விட்டம், எடை ஆகியவையும் இருக்கட்டும். முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விலையும் பெயரும் சேர்த்துச் சொல்பவர்களின் பதிலை நான் கணக்கில் எடுப்பதில்லை.